'விளையாட்டுக்குச் செய்தது' என்று நிர்வாகம் கைகழுவினால் என்ன செய்வது?

பஞ்சாலைகளில் ஷிப்டு முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சுத் தூசியைப் போக்கக் கம்ப்ரசர் காற்றுக் குழாயை எடுப்பவர்கள் உண்டு. அதே குழாயை, குனிந்திருக்கும் சக தொழிலாளியின் பின்புறத்தில் ஒருவர் விளையாட்டாக வைத்துவிட்டால், உடுத்திய துணியையும் மீறிக் காற்று உள்ளே புகுந்து, ஓரிரு நொடிகளில் குடலைக் கிழித்துவிடக்கூடும். இப்படி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன.

காயம்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, கூச்சத்தை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்வதுதான். வெறும் வயிற்றுவலி என்றால் சிகிச்சை தாமதமாகும். வழக்கும் அன்றே வலுவிழக்கும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது, யாரால் நேர்ந்தது என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "தவறி விழுந்ததாகச் சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். அந்த ஒரு வரிதான் பின்னர் உங்களுக்கு எதிராக எடுத்து நீட்டப்படும்.

அடுத்து, நீங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் ஊனத்துக்கான உதவித்தொகையை இ.எஸ்.ஐ. கழகத்திடமே கோர வேண்டும். தற்காலிக ஊனம் என்றால் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். காப்பீட்டில் இல்லாதவர்கள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்ய வேண்டும். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், அதன் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும், முதலாளி கவனக்குறைவாக இருந்தார் என்று மெய்ப்பிக்கும்படி தொழிலாளியைக் கேட்பதில்லை. காயம் வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்பட்டது என்று காட்டினால் போதும்.

நிர்வாகம் மல்லுக்கு நிற்பது அந்த 'வேலையின் காரணமாக' என்ற இடத்தில்தான். "நீயும் சேர்ந்துதானே விளையாடினாய்" என்பார்கள். ஆகவே நீங்கள் உங்கள் வேலையில் இருந்தீர்கள், விளையாட்டில் பங்கில்லை என்பதைப் பக்கத்து மெஷினில் நின்றவர்களின் எழுத்து வாக்குமூலத்தால் உறுதிப்படுத்துங்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் பெறுங்கள்.

கவனக்குறைவுக்காகத் தனியே நஷ்டஈடு கேட்பது கடினமான வழி. அங்கே இத்தகைய சேட்டை நடக்கும் என்பது முதலாளிக்கு முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் 1951இல், பயிற்சித் தொழிலாளி ஒருவரின் உடலுக்குள் சக பயிற்சியாளர்கள் காற்றைச் செலுத்திய வழக்கில், அதை முதலாளி எதிர்பார்த்திருக்க முடியாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1957இல் வேறொரு வழக்கில், பல ஆண்டுகளாகக் குறும்பு செய்துவந்த தொழிலாளியைப் பற்றித் தெரிந்தும் வேலையில் வைத்திருந்த நிறுவனம் பொறுப்பாக்கப்பட்டது. அதனால் இன்று யாருக்கும் காயமில்லை என்றாலும், இத்தகைய சேட்டைகளை எழுத்தில் புகார் செய்து நகலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழிப் புகாருக்குச் சாட்சி நிற்காது.

விபத்தை நிர்வாகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் தர வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.