நிலவை ஸ்டீரியோவில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம் மாடியில் ஒரு கேமரா, எண்ணூர் மாடியில் இன்னொன்று. ஒரே நொடியில் இரண்டும் நிலவை எடுத்தால் ஸ்டீரியோ, அதாவது இரு கண்ணுக்கும் சற்றே வேறு கோணத்தைக் காட்டும் முப்பரிமாணப் படம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தள்ளி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கி.மீ. இடைவெளி அதற்கு முன்னால் எடுபடாது.

நாம் நகர வேண்டியதில்லை. லிப்ரேஷன் என்னும் தள்ளாட்டத்தால் நிலவே தன் முகத்தைக் கிழக்கிலும் மேற்கிலும் ஏறக்குறைய 8 டிகிரி வரை திருப்பிக் காட்டுகிறது. வெவ்வேறு நாளில் எடுத்த இரு படங்களுக்கும் இந்தத் திருப்பத்தில் 4 முதல் 6 டிகிரி வித்தியாசம் இருந்தால் உருண்டை நன்றாகத் திரண்டு வரும். 1 டிகிரி என்றால் தட்டைதான்; 10-ஐத் தாண்டினால் முட்டை போல நீளும். நாசாவின் 'டயல்-ஏ-மூன்' பக்கத்தில் மணிவாரியாக இந்த எண்கள் கிடைக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது வெளிச்சத்தில். இரண்டும் வளர்பிறை தசமிதானே என்று திதியை மட்டும் நம்பக் கூடாது. ஒரு திதிக்குள் நிலவின் பகல்-இரவு எல்லை 12 டிகிரி நகர்ந்துவிடும். ஒரு படத்தில் நிழலில் கிடக்கும் பள்ளம் மற்றதில் பளிச்சென்று இருந்தால் கண் இரண்டையும் சேர்க்காது. சந்திரயான்-1இன் நிலவரைபடக் கேமரா முன்னால் 25 டிகிரி, நேர்கீழே, பின்னால் 25 டிகிரி என மூன்று கோணங்களை ஒரே கடப்பில் எடுத்ததால் அதற்கு இந்தத் தொல்லையே இல்லை. நமக்கு அதே பிறை திரும்ப 29½ நாள் ஆகும். இன்று இரவு 8 மணிக்கு எடுத்த தசமிப் பிறை அடுத்த மாதம் அமைவது காலையில்; அப்போது நிலவு சென்னையில் உதித்தே இருக்காது. ஆகவே 59 நாள் இடைவெளி விடுங்கள். தையில் எடுத்தால் பங்குனியில் இணை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையை நம்பி இறங்கினால் மழை மேகம் இரண்டாவது படத்தைக் கெடுத்துவிடும்.

காசிமேட்டில் கடலிலிருந்து எழும் முழுநிலவு கண்ணுக்கு அழகு, ஸ்டீரியோவுக்கு உதவாது. அடிவானத்தில் காற்றுமண்டலம் வட்டத்தை மேலும் கீழும் நசுக்கிவிடுகிறது. 40 டிகிரிக்கு மேல் ஏறட்டும். மொபைலின் 'மூன் மோடு' இல்லாத நுணுக்கத்தைத் தானே வரைந்து சேர்க்கலாம், அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரில், இரு படங்களிலும் வடக்கை மேலே வையுங்கள். தொலைவு மாறுவதால் நிலவின் அளவும் மாறியிருக்கும், விட்டத்தைச் சமமாக்குங்கள். வடக்கு-தெற்குத் தள்ளாட்டமும் கலந்திருந்தால், ஒரு படத்திலிருந்து மற்றதற்குப் பள்ளங்களின் நகர்வு கிடைக்கோட்டில் வரும்வரை இரண்டையும் ஒன்றாகச் சுழற்றுங்கள். இல்லையென்றால் தலைவலிதான்.

மேர் கிரிசியம் என்ற கரும் வட்டம் வலது விளிம்பிலிருந்து அதிகம் உள்ளே தள்ளித் தெரியும் படம் வலக்கண்ணுக்கு. மாற்றி வைத்தால் உருண்டை உட்குழிந்துவிடும். 2023இல் சந்திரயான்-3இன் பிரக்யான் ரோவர் அனுப்பிய படஜோடியை இஸ்ரோ சேர்த்ததுபோல, இடப்படத்தைச் சிவப்புச் சேனலிலும் வலப்படத்தைப் பச்சை, நீலச் சேனல்களிலும் போடுங்கள். பார்க்கப் போடும் சிவப்பு-சயான் (நீலப்பச்சை) கண்ணாடியில் சிவப்பு இடக்கண்ணுக்கு. திரையில் மஞ்சள் ஏற்றும் இரவு மோடு ஓடிக்கொண்டிருந்தால் நீலம் குறைந்து வலக்கண் படம் மங்கும். பார்க்கும்முன் அதை நிறுத்துங்கள்.