புல்லட்டில் கேமரா: வீடியோ நெளியாமல் இருக்க

ஹேண்டில்பாரில் மாட்டிய ஆக்‌ஷன் கேமராவில் படம் ஜெல்லி மாதிரி நெளிந்தால், உடனே கேமராவை மாற்றிவிடாதீர்கள். 350 சிசி ஒற்றை சிலிண்டரின் அதிர்வு கம்பி வழியாக ஏறுகிறது. சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால் அந்த நடுக்கம் நெளிவாகப் பதிகிறது. எடிட்டிங்கில் அதை முழுதாக எடுக்க முடியாது.

எனக்குப் பலன் கொடுத்தது மவுண்ட்டின் (கேமராவைத் தாங்கும் பிடிமானம்) நீளத்தைக் குறைத்ததுதான். மூன்று மூட்டுள்ள நீட்டுக்கையைக் கழற்றிவிட்டு, கம்பியைக் கவ்வும் கிளாம்ப்பின் மேலேயே கேமராவை உட்காரவைத்தேன். ஹேண்டில்பார் பெரும்பாலும் 22 மி.மீ. கிளாம்ப் லூசாக இருந்தால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். ரப்பர் தடித்தால் கேமரா தலையாட்டும். கம்பியின் நடுப்பகுதிதான் நல்ல இடம். முனைக்குப் போகப் போக ஆட்டம் கூடும்.

கேமராவை மவுண்ட்டில் பிடிக்கும் எம்5 (5 மி.மீ.) திருகை விரலால் மட்டும் முறுக்கினால் ஓட்டத்தில் தளர்ந்துவிடும். நைலான் லாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நட்) போடுங்கள். த்ரெட்லாக்கர் (திருகு தளராமலிருக்கப் பூசும் பசை) வேண்டாம், பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். கேமரா கூட்டிலிருந்து கம்பிக்கு ஒரு குட்டைக் கயிறு கட்டாயம். சக்கரத்தை எட்டாத நீளம் போதும். கடைசியாக ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, க்ளட்ச் கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள்.

கேமராவுக்குப் பதில் செல்போனை மாட்டாதீர்கள். பைக் அதிர்வு ஐபோன் கேமராவின் ஆட்டத் தடுப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது.