வீட்டுக்கு முதல் துப்பாக்கி: வாங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சஸுக்கு வந்த புதிதில், வால்மார்ட்டில் தூண்டில் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே ஷாட்கன் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். இப்போது எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலாவது திருட்டு என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தால், அந்த வாரம் முடிவதற்குள் ஒருத்தராவது ஃபோன் போட்டு "எந்த கன் நல்லாருக்கும்?" என்று கேட்டுவிடுகிறார். "வீட்ல யார் யார் இருக்கீங்க, எந்த விசா, பசங்க எந்த ரூம்ல படுக்கறாங்க?" என்று நான் திருப்பிக் கேட்டால் கொஞ்சம் கடுப்பாகிறார்கள். ஆனால் பிராண்டு பெயர் கடைசியில்தான் வரணும்.

முதலில் விசா. ஹெச்1பி, எல்1, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சி சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அது இல்லாமல் ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்து நாலு ரவுண்டு சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும், டீம் அவுட்டிங் என்று ஆபீஸில் கூப்பிட்டால்கூட. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை கிடையாது. உடனே "அப்ப கிரீன் கார்டு வெச்சிருக்கிற மச்சானை விட்டு எனக்கு வாங்கிக்கலாமே" என்று ஒரு யோசனை வரும் பாருங்கள், அதைத்தான் தொடவே கூடாது. கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குகிற ஆள் நீங்கள்தானா என்று நேரடியாகவே ஒரு கேள்வி இருக்கிறது, அதில் பொய்யாக டிக் போட்டால் சிறைக்குப் போகலாம். வீட்டில் ஒருவருக்கு கிரீன் கார்டு, இன்னொருவர் இன்னும் விசாவில் என்றால், துப்பாக்கி வைத்துப் பூட்டும் பெட்டியின் நம்பரை விசாவில் இருப்பவருக்குச் சொல்வதற்கு முன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் கதையே வேறு. டெக்சஸில் கடைக்காரர் பின்னணிச் சோதனை முடிந்ததும் கையில் கொடுத்துவிடுவார். நியூ ஜெர்சியில் ரைஃபிள், ஷாட்கனுக்கு அடையாள அட்டை, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி பெர்மிட். இல்லினாயில் 'ஃபாய்ட்' என்ற துப்பாக்கி உரிமையாளர் அட்டை. கலிஃபோர்னியாவில் ஒரு பரீட்சை எழுதி, பத்து நாள் காத்திருக்கணும். டெக்சஸ்காரன் யூடியூபில் சொல்வதை நியூ ஜெர்சி எடிசனில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்.

அடுத்தது, அதிகம் பார்க்கிற தவறு: "வைஃபுக்கு சின்னதா ஒண்ணு". நானும் இதில் விழுந்தவன்தான். பாயின்ட் 380 தோட்டா போடும் ஒரு பாக்கெட் பிஸ்டல், உள்ளங்கைக்குள் அடங்கியது, பார்க்க அழகாக இருந்தது. ரேஞ்சில் முப்பது தோட்டா முடிவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சிவந்து, மனைவி "நீங்களே வெச்சுக்கோங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய் காபி குடிக்க உட்கார்ந்துவிட்டாள். காரணம் சிம்பிள்: எடை குறைந்தால் உதைப்பு கைக்குத்தான் வரும், குழல் குட்டையானால் சின்னக் கோணல்கூட குறியில் பெரிதாகத் தெரியும், பிடி சின்னதானால் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். குட்டி ரிவால்வரும் இதே ரகம்தான், அதன் டிரிக்கரை இழுக்க கிட்டத்தட்ட அஞ்சு கிலோ பலம் வேண்டியிருக்கும், அந்த இழுப்பிலேயே குழல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இடுப்பில் மறைத்துக்கொண்டு நடப்பவர்களுக்காகச் செய்த சாமான் அது, வீட்டில் வைக்கிறவர் ஏன் அந்தக் கஷ்டத்தைப் படணும்? க்ளாக் 19 என்ற நடுத்தர பிஸ்டலின் அளவிலோ அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ இருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் புதியவர் கைக்கு எவ்வளவோ மேல்.

தோட்டா ஏற்ற பிஸ்டலின் மேல் பகுதியை, அதாவது ஸ்லைடை, இழுக்க முடியவில்லை என்று பல பெண்களும் வயதானவர்களும் பிஸ்டலையே ஒதுக்கிவிடுகிறார்கள். பாதி நேரம் அது பலம் இல்லாததால் அல்ல, செய்யும் விதத்தால். விரல் நுனியால் கிள்ளி இழுக்காமல், இடது கையால் ஸ்லைடை மேலிருந்து முழுசாகப் பற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ளிப் பாருங்கள், குழல் எதிரே உள்ள இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிக்கர் பக்கமே போகக் கூடாது. அப்படியும் வரவில்லையா, மென்மையான ஸ்ப்ரிங் போட்ட மாடல்கள் இருக்கின்றன, ஸ்மித் அண்ட் வெஸனின் ஈஸி வரிசை அதற்காகவே வந்தது. எதுவானாலும் வாடகைக்கு எடுத்து மூணு நாலு மாடலில் ஆளுக்கு ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் கிரெடிட் கார்டை நீட்டாதீர்கள்.

சரி, ஒரே தோட்டாவில் பல ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன். "அதை லோடு பண்ற சத்தத்துலயே திருடன் ஓடிடுவான்", "குறியே வைக்க வேணாம்". இந்த ரெண்டையும் கேட்காமல் ஒரு துப்பாக்கிக் கடையை விட்டு வெளியே வர முடியாது. ஓடினால் சந்தோஷம், ஓடாவிட்டால் நீங்கள் எந்த மூலையில் நிற்கிறீர்கள் என்று அவனுக்கு நீங்களே சொல்லிவிட்டீர்கள். பதினைந்து இருபது அடி தூரத்தில் ரவைகள் ஏதோ கதவளவு விரியும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் ஒரு கைமுட்டி, மிஞ்சினால் ஒரு சின்னத் தட்டு அளவுதான். ஆகவே குறி வைத்தே ஆகணும். பதற்றத்தில் பம்பை, அதாவது குழலுக்குக் கீழே முன்னும் பின்னும் இழுக்கும் பிடியை, முழுசாகப் பின்னால் இழுக்காமல் அரைகுறையாக விட்டு, அடுத்த தோட்டா ஏறாமல் டிரிக்கரை மட்டும் அழுத்திக்கொண்டு நிற்பதை வகுப்புக்கு வகுப்பு பார்க்கலாம்.

இங்கே வீட்டுச் சுவர் நம்மூர் செங்கல் சுவர் இல்லை என்பதை நாம் மறந்தே போகிறோம். மரச்சட்டத்தின் ரெண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று, அவ்வளவுதான். ஓர் ஆளை நிறுத்தக்கூடிய தோட்டா எதுவானாலும், பிஸ்டலோ ஷாட்கனோ ஏஆர்-15 ரைஃபிளோ, இப்படிப்பட்ட சுவர் ஒன்றிரண்டைத் தாண்டிப் போகத்தான் போகும். நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டா கொஞ்சம் உதவும், முழுசாக இல்லை. நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து படுக்கையறைக் கதவைப் பார்த்து நின்று, நேர்கோட்டில் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். பிள்ளையின் கட்டில் அந்தக் கோட்டில் இருந்தால் கட்டிலை நகர்த்துங்கள்.

டார்ச் இல்லாமல் துப்பாக்கி வாங்குவதும் இதோடு சேர்ந்தது. 2023 ஏப்ரலில் மிசோரியின் கான்சாஸ் சிட்டியில், தம்பிமாரைக் கூட்டிவரப் போன 16 வயதுப் பையன், 115 டெரஸுக்குப் பதில் 115 ஸ்ட்ரீட்டில் அதே எண்ணுள்ள வீட்டில் போய் பெல் அடித்தான். உள்ளே இருந்த 84 வயதுக்காரர் கதவின் கண்ணாடி வழியாகவே சுட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். இருட்டில் தெரியும் உருவம் உங்கள் மகனாக இருக்கலாம், தண்ணீர் குடிக்க எழுந்த மாமனாராக இருக்கலாம். துப்பாக்கியில் மாட்டிய லைட்டை மட்டும் நம்பினால், யார் என்று பார்ப்பதற்கே அவர்மேல் குழலைத் திருப்ப வேண்டியிருக்கும். கையில் தனியாக ஒரு டார்ச், நாற்பது டாலர்.

பூட்டு விஷயத்தில்தான் எனக்குப் பொறுமை குறைவு. போன வருஷம் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாசம் தங்கினார். வந்த மூணாம் நாளே, எந்த ஊர் அம்மாவும் செய்வதுபோல், வீட்டில் உள்ள அலமாரி அத்தனையும் காலி செய்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். மேல் தட்டில் கம்பளிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த பெட்டியை இறக்கி, "இது என்னடா, டிரில் மிஷினா?" என்று டைனிங் டேபிளில் கொண்டுவந்து வைத்தார். பூட்டியிருந்ததால் அதை வைத்து இப்போது சிரிக்கிறோம். உயரத்தில் வைப்பது, துணிக்குள் சொருகுவது, மெத்தைக்கடியில் வைப்பது எல்லாம் பெரியவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வது, பிள்ளைகளுக்கு வீட்டில் தெரியாத இடம் கிடையாது. டெக்சஸ் மாதிரி தாராளமான மாநிலத்தில்கூட, தோட்டா போட்ட துப்பாக்கி உங்கள் அஜாக்கிரதையால் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கையில் கிடைத்தால் அது குற்றம்.

விரல்ரேகை வைத்துத் திறக்கும் பெட்டி வாங்குகிறவர்கள் ஒன்று செய்யணும்: ரேகையைப் பதிவு செய்தபின், பதிவு செய்யாத விரல்களையும் வீட்டாரின் விரல்களையும் வைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் சுமார் 61,000 பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள், ரேகை பதிவாகாத நிலையில் யார் விரல் வைத்தாலும் திறந்துகொண்டது அந்தப் பெட்டி. எனக்கு பட்டன் அழுத்தும் சாதாரண பெட்டிதான் பிடிக்கும், அதையும் சுவர்ச் சட்டத்தோடு திருகி வைக்கணும், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

இன்னொன்று, நம் கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்காத விஷயம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வேலை போய், விசா கெடு ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அல்லது தூக்கமில்லாமல் சுருண்டு கிடக்கும் டீனேஜர் உள்ள வீட்டில், இது வாங்குவதற்கான நேரமே இல்லை. ஏற்கெனவே இருந்தால் கொஞ்ச நாளைக்கு வெளியே வைக்க வழி பாருங்கள், சில கடைகளும் ரேஞ்சுகளும் வாங்கி வைத்துக்கொள்கின்றன. தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்நேரமும் பேசலாம்.

போன மாதம் ஃபோன் போட்ட நண்பரை ஒரு சனிக்கிழமை முழுநாள் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். கிரீன் கார்டு வந்துவிட்டது, கையில் காசும் இருக்கிறது, அன்றைக்கே வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போனவர் பின்கதவின் பூட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார், முக்கால் அங்குலத் திருகு, ஓர் உதைக்குத் தாங்காது. மூணு அங்குலத் திருகுகளாக மாற்றிவிட்டு எனக்கு ஃபோட்டோ அனுப்பினார். துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை, அடுத்த சனிக்கிழமையும் ரேஞ்சுக்கு வருகிறார், இந்த முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு.