ஆகஸ்டு மலருக்குக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு

ஜூலை பிறந்தால் மலேசியச் சுதந்திர மலர்க் கட்டுரைகள் என் கைக்கு வந்துவிடும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) சிவப்புப் பேனாவைத் திறந்தால், ஒற்றுப்பிழையைவிட வரலாற்றுப் பிழைதான் அதிகம். அதுவும் வருடா வருடம் அதே பிழைகள்.

பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டைப் போட்டு, "நம் தோட்டப்புறக் கண்ணீரைப் பாடினார்" என்று எழுதுகிறார்கள். அது பிஜித் தீவுப் பெண்களுக்காகப் பாடியது. தலைப்பிலேயே பிஜி இருக்கிறது. பினாங்குக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில், அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வெட்டினார்கள். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். பாட்டைத் தாராளமாகப் போடுங்கள், மலாயாவைப் பாடியதாக மட்டும் எழுதாதீர்கள்.

'1941இல் மலேசியா' என்று ஒருவர். 1963 செப்டம்பர் 16க்கு முன்னால் அந்தப் பெயரில் நாடே இல்லை.

என்னை ரொம்பச் சோதிப்பது சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம். "1941இல் கூலி உயர்வு கேட்டுப் போராடினர்", அவ்வளவுதான், அடுத்த பத்தி சுதந்திரம் வந்த 1957க்குத் தாவிவிடும். கூலியும் கேட்டார்கள்தான், சீனத் தொழிலாளிக்குச் சமமாக. கூடவே கள்ளுக்கடையை மூடு என்றார்கள், லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்து என்றார்கள். தோட்டத்து வழியில் துரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். அதை ஒழி என்றதும் ஒரு கோரிக்கை. "அடக்குமுறை தாண்டவமாடியது" என்று நீட்டி முழக்குகிற தம்பி அந்தச் சைக்கிளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கோரிக்கைகளுக்குப் பின்னால் பேனா பிடித்தவர் ஒருவர் இருந்தார், ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தவர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். மே மாதம் அவரைப் பிடித்ததும் வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. பட்டாளம் வந்தது, சுட்டார்கள், ஐந்து பேர் செத்தார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். 'போராட்ட எழுத்தாளர்' என்றதும் கவிஞரையே தேடுகிறோம். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் பத்திரிகைக்காரர்கள்தான்.

பத்திரிகை என்றதும் இன்னொன்று. 'தமிழ் நேசன்' 1924இல் கோலாலம்பூரில் தொடங்கியது, கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' 1935இல் சிங்கப்பூரில். மாற்றி எழுதினால் இரண்டு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள்.

"மலாயா சுதந்திரத்துக்காக 1941இல் எழுந்தனர்" என்ற வரியையும் அடித்துக்கொண்டே இருக்கிறேன். காந்தி தொப்பி போட அனுமதி கேட்ட கிள்ளான் தொழிலாளர்களின் கண் இந்திய விடுதலை மேல் இருந்தது. இரண்டு வருடம் கழித்துச் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பின்னால் போனதும் அதே வேகத்தில்தான். இந்த மண்ணின் விடுதலை என்ற பேச்சு நம் தொழிலாளர் நடுவே சூடுபிடித்தது போருக்குப் பிறகு.

அந்தப் பிந்தைய காலத்து ஆள்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. 1948இல் மலாயாவில் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தைக் கொண்டுவந்தது, 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். இந்த முறை மூன்று கட்டுரைகளில் அவர் கிள்ளான் வேலைநிறுத்தத்தை நடத்துகிறார். மூன்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 10ஆம் தேதிக்குள் திருத்தி வந்தால் அச்சுக்கு நேரம் இருக்கும்.