பகல் வெயிலை நம்பி நடாதீர்கள்

சித்திரை பிறந்ததும் லண்டனில் ஒரு வாரம் நல்ல வெயில் எறிக்கும். குளிர்ச்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டான அலொட்மென்டுக்குப் போவோம். யன்னலோரம் வளர்த்த தக்காளிக் கன்றுகள் அதற்குள் முழ உயரம் வந்திருக்கும். இன்றைக்கே நட்டுவிடலாம் என்று கை பரபரக்கும். நானும் அப்படி நட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், கொதிநீர் ஊற்றியதுபோல இலைகள் கறுத்துத் தொங்கிக் கிடந்தன. ஆறு வாரம் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்றுகள்.

ஊரில் மார்கழி, தையில் புல்லில் படியும் ஈரத்தையும் பனி என்போம். இங்கே வானத்திலிருந்து கொட்டுவதையும் பனி என்போம். இலைக்குள் இருக்கும் நீரையே உறையவைக்கும் உறைபனி வேறு. கண்ணுக்குத் தெரியாமல் வந்து ஒரே இரவில் செடியை முடித்துவிடும். லண்டன் பக்கம் மே நடுப்பகுதி வரை இதற்குப் பயப்பட வேண்டும். வடக்கே போகப் போக மே கடைசி, சில இடங்களில் ஜூன் தொடக்கம் வரைகூட வரலாம். 2021 ஏப்ரலில் பகல் வெயிலுக்குக் குறைவே இல்லை. ஆனால் பிரிட்டனில் 60 ஆண்டுகளில் உறைபனி மிகுந்த ஏப்ரல் அதுதான்.

இரண்டும் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. முகில் இல்லாத வானம் பகலில் வெயிலைத் தரும். அதே வானம் இரவில் நிலத்தின் சூட்டை மேலே போகவிட்டுவிடும். காற்றும் அசையாவிட்டால் குளிர் தரையோடு படுத்துக்கொள்ளும். மப்பும் தூறலுமான இரவில் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

கைத்தொலைபேசி 3 பாகை என்று காட்டினால் தப்பித்தோம் என்று நினைப்பது அடுத்த தவறு. அது நம் நெஞ்சுயரக் காற்றின் வெப்பம். கன்று நிற்கும் தரையில் அப்போதே உறைந்திருக்கலாம். குளிர்காற்று தண்ணீரைப்போலப் பள்ளத்துக்கு ஓடித் தேங்கும் என்பதால், ஓடைக்கரையில் தாழ்ந்து கிடக்கும் துண்டுகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். இரவில் எவ்வளவு இறங்கியது என்பதைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை உங்கள் துண்டிலேயே வையுங்கள். பெரிய செலவில்லை.

மூடுவதிலும் பிழை விடுகிறோம். பொலித்தீனை இலையில் படும்படி போர்த்தினால், பட்ட இடமெல்லாம் கருகும். தோட்டக் கடைகளில் விற்கும் வெள்ளை ஃப்ளீஸ் துணிதான் நல்லது. அதையும் பொழுதுபடுவதற்கு முன்பே போர்த்தி, ஓரங்களில் கல் வைத்தால்தான் மண்ணின் சூடு உள்ளே தங்கும்.

உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளியன்று நடுவது இங்குள்ள பழைய வழக்கம். ஆனால் பெரிய வெள்ளி மார்ச் 20க்கும் ஏப்ரல் 23க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். அதைப் பார்த்து நடாமல் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். முளை வெளியே வந்தபின் குளிர் இரவு வருமென்றால் மண் அணைத்து மூடிவிடுங்கள். அப்படியும் கருகினால் பிடுங்க வேண்டாம், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்தப் பேறு இல்லை. அவற்றைப் பத்துப் பதினைந்து நாள் பகலில் வெளியே வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்கிய பிறகே நட வேண்டும்.

லண்டன் களிமண் ஈரமாக இருக்கும்போது அதில் இறங்கிக் கொத்தாதீர்கள். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உதிராமல் உருண்டையாகவே நின்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மிதித்து இறுகிய மண் கோடையில் செங்கல்லாகிவிடும். போஞ்சி விதையையும் 12 பாகைக்குக் கீழே இருக்கும் மண்ணில் போட்டால் அழுகும், அல்லது நத்தை தின்னும். நத்தைக்கு மெட்டல்டிஹைட் குளிகை போடுவது 2022 முதல் தடை. கொட்டிலில் பழைய டப்பா கிடந்தாலும் எடுக்காதீர்கள்.

வசந்தம் என்றால் மழை என்றும் இருந்துவிடக் கூடாது. 2025இல் இங்கிலாந்து நூறாண்டுக்கு மேல் காணாத வறண்ட வசந்தத்தைக் கண்டது. தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். வைக்கோலோ மக்கிய பசளையோ பரப்புவதானால் மண் நன்றாக நனைந்தபின் பரப்புங்கள். காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தே கிடக்கும்.

அப்புறம், ஊர் அவரை. ஆசைக்கு நடுபவர்கள் பலர். பெரும்பாலான ஊர் வகைகள் பகல் சுருங்கினால்தான் பூக்கும். இங்கே கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். கொடி பந்தலெல்லாம் படர்ந்து செப்டெம்பரில் பூத்து, காய் பிடிக்கும்போது குளிர் வந்துவிடும். அந்தப் பந்தலில் ரன்னர் பீன்ஸை மே நடுவில் ஏற்றிவிடுங்கள், ஜூலையிலேயே காய்க்கும். பிஞ்சாகப் பறித்து, குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் ஒரு கோப்பை சோறு கூடுதலாக இறங்கும்.