ஒன்டாரியோவில் குத்தகை முடியும் முன் வீட்டைக் காலி செய்பவர்களுக்கு

கனடா வந்த முதல் வருடத்திலேயே வேலை மாறி வேறு நகரத்துக்குப் போக நேர்வது சகஜம். ஊரில் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கிளம்பிவிடலாம். ஒன்டாரியோவில் அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். இங்கே வீட்டுக்காரர் முன்பணமாக வாங்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். அது அந்த மாதத்துக்கே போய்விடும். 60 நாள் நோட்டீஸ் போதும் என்று யாராவது சொல்வார்கள். ஒரு வருடக் குத்தகையில் கையெழுத்திட்டவரை அந்த நோட்டீஸ் வருடம் முடியும் நாளுக்கு முன்னால் விடுவிக்காது.

நடுவில் போக நேர்வழி இரண்டு. இரு தரப்பும் சம்மதித்து 'என்11' (N11) படிவத்தில் கையெழுத்திடலாம். இல்லாவிட்டால் குத்தகையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க அனுமதி கேட்கலாம். வீட்டில் அடி உதைக்கும் வன்முறைக்கும் ஆளாகிறவர்களுக்குத் தனி வழி உண்டு: 'என்15' படிவம், 28 நாள் நோட்டீஸ். அவர்கள் யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

என் நண்பன் இவற்றில் எதையும் செய்யவில்லை. வீட்டுக்காரர் நம்மவர், தமிழிலேயே பேசுவார். தொலைபேசியில், "பரவாயில்லை தம்பி, நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். சாவியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். நண்பன் அடுப்பின் எண்ணெய்க் கறையைக்கூடத் தேய்த்தெடுத்துவிட்டு, இரண்டு சாவிகளையும் மேடையில் வைத்துவிட்டுப் போனான். மூன்று மாதம் கழித்து, வீடு காலியாகக் கிடந்த இரண்டு மாதத்துக்கும் வாடகை கேட்டு, நில உரிமையாளர் மற்றும் வாடகையாளர் வாரியத்தில் அவர் மனு போட்டார். அப்படிச் சம்மதிக்கவே இல்லை என்றார். நண்பன் கையில் இருந்ததெல்லாம் நான்கு நிமிடம் பேசியதற்கான அழைப்புப் பதிவுதான். எனக்கு இன்னும் ஆறவில்லை. வாய்ச்சம்மதமும் சம்மதம்தான், ஆனால் அவர் மறுத்துவிட்டால் எதைக் காட்டுவீர்கள்?

அந்த நான்கு நிமிடத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். "குத்தகையை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்க அனுமதி தாருங்கள்" என்ற ஒரு வரி போதும். வீட்டுக்காரர் மறுத்தாலோ, 7 நாள் பதில் சொல்லாமல் இருந்தாலோ, கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் 'என்9' படிவம் கொடுத்து, 30 நாள் நோட்டீஸில் வெளியேறலாம். மறந்தும் 'சப்லெட்' என்று எழுதாதீர்கள். சப்லெட்டில் குத்தகை உங்கள் பெயரிலேயே இருக்கும். உள்ளே இருப்பவர் வாடகை தராவிட்டால் வீட்டுக்காரர் உங்களிடம்தான் வருவார்.

எழுத்தில் எதுவும் இல்லாமல் ஏற்கெனவே வெளியேறிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். காலியான வீட்டுக்கு ஆள் தேட முயல்வது வீட்டுக்காரரின் சட்டப்படியான கடமை. பூட்டி வைத்துக்கொண்டு மீதி வாடகை முழுவதையும் கேட்க முடியாது. நண்பன் இருந்த வீட்டுக்கு ஐந்து வாரம் கழித்துத்தான் விளம்பரம் வந்தது. தேதியோடு அதைப் படமெடுத்து வைத்திருந்தோம். அதைக் காட்டிய பிறகுதான் இரண்டு மாத வாடகை ஒரு மாதமாகக் குறைந்தது. அந்த ஒரு மாதத்தையும் அவன் அநியாயமாகத்தான் கட்டினான்.

என்11 கையெழுத்தானதும் இருவர் கையெழுத்தும் உள்ள பிரதியை வாங்கிக்கொண்டு, சாவியை வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள். "இரண்டு சாவிகளும் பெற்றுக்கொண்டேன்" என்று அங்கேயே நின்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், அதுவும் தமிழில் கேட்கும்போது. கேட்டு வாங்குங்கள்.