இத்தாலியன் சொற்களை லத்தீனிலிருந்து பிடிப்பது எப்படி? டில்லித் தமிழர்களுக்கு

டில்லியில் இத்தாலியன் வகுப்பில் சேர்ந்த கையோடு சொற்பட்டியலை நெட்டுருப் போட வேண்டாம். நோட்டில் லத்தீன், இத்தாலியன், பொருள் என மூன்று பத்தி கோடு போடுங்கள்.

லத்தீன் பத்தியில் எழுவாய் வடிவத்தை எழுதினால் கணக்கு இடிக்கும். 'நொக்ஸ்' என்பதிலிருந்து 'நொத்தே' (இரவு) வராது. செயப்படுபொருள் வடிவமான 'நொக்தெம்' வேண்டும். கடைசி 'ம்' உதிரும், 'க்த்' இரட்டித்த 'த்த்' ஆகும். 'ப்த்'தும் அப்படியே: செப்தெம், செத்தே (ஏழு).

சொல் முதலில் மெய்யை அடுத்து வரும் லகரம் யகர ஒலியாகும்: ஃப்லம்மம் ஃபியம்மா (சுடர்), ப்லேனும் பியேனோ (நிறைந்த), க்லாவெம் கியாவே (சாவி). 'ப்லுராலே' (பன்மை) மட்டும் ஏன் மாறவில்லை? அது கற்றோர் பின்னாளில் ஏட்டிலிருந்து எடுத்தது. நம் இலக்கணத்தின் தற்சமம் (மாறாமல் வந்தது), தற்பவம் (மாறி வந்தது) போலத்தான். தற்சமங்களைத் தனிப் பக்கத்தில் குறியுங்கள்.

இரட்டித்த மெய் நமக்குத் தானாக வரும். சறுக்குவது ஒற்றை மெய்யில். 'ஃபாதோ' (விதி) என்பதன் ஒற்றைத் தகரத்தைத் தமிழ் வழக்கில் மெலித்துவிடுவோம். அழுத்தினாலோ 'ஃபத்தோ' (செய்தது) ஆகிவிடும். முன் உயிரை நீட்டி, தகரத்தை வல்லினமாகவே சுருக்கமாகத் தொடுங்கள்.

வரலாற்றுக்கு மூன்று ஆண்டுகள் போதும்: லத்தீனுக்கு நடுவே மக்கள் பேச்சுமொழி எழுத்தில் பதிந்த காப்புவா நகர நிலவழக்குத் தீர்ப்பு (960), 14-ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் நடையை அளவுகோலாக்கிய அறிஞர் பெம்போவின் நூல் (1525), க்ரூஸ்கா என்ற ஃபிளாரன்ஸ் மொழிக் கழகத்தின் அகராதி (1612).

இந்த விதிகள் ஃபிளாரன்ஸ் பேச்சுக்கு உரியவை. 'மழை பெய்கிறது' என்பதற்கு நேப்பிள்ஸ்காரர் 'பியோவே' என்னாமல் 'கியோவே' என்றால் அடித்துத் திருத்தாதீர்கள். அங்கே 'ப்ல' போன வழி வேறு.